முகம் ஒன்று, உணர்ச்சி மூன்று

ரஷ்ய மௌனப் படங்களின் பெரிய நட்சத்திரம் இவான் மொசூகின். அவர் முகம் மட்டும் தெரியும் ஒரு குளோசப். அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் இயக்குநர் லெவ் குலெஷோவ் அந்த ஒரே ஷாட்டை எடுத்து, சூப் கிண்ணத்துக்கு அருகில் ஒருமுறை, சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணுக்கு அருகில் ஒருமுறை, விளையாடும் சிறுமிக்கு அருகில் ஒருமுறை என்று ஒட்டினார். பார்த்தவர்கள் நடிகரின் பசியையும் துயரத்தையும் கனிவையும் கண்டு உருகினார்களாம். இதை எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் புடோவ்கின். குலெஷோவ் சொன்ன விவரங்கள் சற்று வேறு. அந்தப் பிலிமும் இன்று கிடைப்பதில்லை.

தம்போவ் நகரில் 1899-இல் பிறந்த குலெஷோவ் ஓவியம் பயின்றவர். பதின்பருவத்திலேயே அரங்க அமைப்பாளராகப் படத்துறைக்குள் நுழைந்தார். 1919-இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில் உள்நாட்டுப் போர். பிலிம் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அவருடைய மாணவர்கள் பிலிம் இல்லாமலேயே மேடையில் ‘படம்’ நடித்துப் பழகினார்கள். பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு அந்த வறுமையில் விளைந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வெட்டு மூளைக்கு ஏன் உறுத்துவதில்லை? நம் கண்ணே ஓரிடத்தில் நிற்பதில்லை. நொடிக்குச் சுமார் 3 முறை தாவுகிறது. அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரே உலகமாக்குவது மூளையின் அன்றாட வேலை. இன்னொன்று, பார்வையைப் பின்தொடரும் பழக்கம். ஒருவர் எங்கோ பார்த்தால் நாமும் அங்கே திரும்புகிறோம், கைக்குழந்தைகூட அப்படித்தான். திரையில் முகத்துக்குப் பின் சூப் வந்தால், அவர் சூப்பைத்தான் பார்க்கிறார் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. முகத்தில் தெளிவான குறி இல்லாதபோது சூழலே பொருளைத் தருகிறது. வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தைச் சவப்பெட்டியோடு ஒட்டினால் துயரம் தெரியாது, அருவருப்புதான் எழும்.

இடத்தையும் அவர் இப்படியே உருவாக்கினார். அவருடைய நடிகர்களான ஒபலென்ஸ்கியும் கக்லோவாவும் மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடக்கிறார்கள். அடுத்த ஷாட்டில் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். பிறகு இருவரும் எதையோ நோக்குகிறார்கள். உடனே வாஷிங்டனின் வெள்ளை மாளிகை வருகிறது! அது ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டிய துண்டு. அதை நோக்கி அவர்கள் ஏறும் படிகள் மாஸ்கோவின் ஒரு தேவாலயத்துடையவை. பூமியில் எங்கும் இல்லாத அந்தத் தெருவைப் பார்வையாளர் மனத்தில் கட்டியவை கத்தரியும் பசையும்தான்.

1930-களில் ‘வடிவவாதி’, அதாவது உள்ளடக்கத்தைவிட வடிவத்துக்கே முதலிடம் தருபவர், என்ற குற்றச்சாட்டு அவர் மீது விழுந்தது. படமெடுக்கும் வாய்ப்பு சுருங்கியது. ஆனாலும் பல தலைமுறைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1970-இல் மறைந்தார்.

பின்னாளில் உளவியலாளர்கள் அவர் சொன்னதைச் சோதித்தார்கள். 1992-இல் பிரின்ஸ், ஹென்ஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடிகரின் முகத்தில் எந்த உணர்ச்சியையும் காணவில்லை. 2006-இல் லண்டனில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, ஒரே முகத்துக்குமுன் காட்டிய காட்சியைப் பொறுத்து, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா உள்ளிட்ட பகுதிகளின் செயல்பாடு மாறியது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முகம், பொருள், மீண்டும் முகம் என்ற வரிசையில் காட்சிகளைக் கோத்தது; பார்வையாளர்களின் கணிப்பு, காட்டிய பொருளின் பக்கமே சாய்ந்தது. புடோவ்கின் எழுதிய அளவுக்கு அது வலுவாக இல்லை; ஆனால் விளைவு உண்மையாகவே இருந்தது.