மண்ணிலிருந்து குருதிக்கு: பயிரில் நாகமும் இரும்பும் ஏறும் வழி

நாகம் (துத்தநாகம்) குறைந்த தேயிலைச் செடியில் இளம் இலைகள் சிறுத்துக் குறுகும். கணுக்களுக்கிடையே நீளம் குறைந்து கொழுந்தின் வளர்ச்சி தடைப்படும். அதனால்தான் நாக சல்பேற்றை நீரில் கரைத்துச் செடிகளின் மேல் தெளிக்கும் வழக்கம் இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. மண்ணில் இட்ட நாகத்தின் பெரும்பகுதி மண்துகள்களோடு பிணைந்துவிடுவதால், வேரைவிட இலை வழியே ஊட்டுவது விரைவாகப் பலன் தருகிறது.

செடியின் குறையைத் தீர்க்கும் இதே முறையை, அச்செடியின் விளைச்சலை உண்ணும் மனிதரின் குறையைத் தீர்க்கவும் பயன்படுத்தலாம். நெல்லிலோ கோதுமையிலோ பூக்கும் பருவம் கடந்து மணியில் பால் பிடிக்கும் வேளையில், ஏறத்தாழ 0.5 சதவீத நாக சல்பேற்றுக் கரைசலைக் காலையிலோ மாலையிலோ தெளித்தால், இலைக்குள் நுழையும் நாகம் நிக்கோதியனமீன் போன்ற சிறு மூலக்கூறுகளோடு இணைந்து, உணவைக் கடத்தும் உரியக் குழாய்களின் வழியே மணியைச் சென்றடைகிறது. துருக்கியின் இஸ்மாயில் சக்மக்கும் அவருடன் பணியாற்றியோரும் பல நாடுகளில் நடத்திய வயல் ஆய்வுகளில், கிலோவுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் வரை இருந்த கோதுமை மணியின் நாக அளவு இம்முறையால் 40 மில்லிகிராமுக்கு மேல் உயர்ந்தது. நெல்லில் உயர்வு இதைவிடக் குறைவு. தீட்டும்போது அதிலும் ஒரு பங்கு தவிட்டோடு போய்விடுகிறது.

நெல்லும் உருளைக்கிழங்கும் மாறி மாறிப் பயிராகும் வெலிமடைப் பள்ளத்தாக்கு வயல்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு நோக்க வேண்டும். மரக்கறிக்கும் கிழங்குக்கும் தாராளமாக இடப்படும் பொசுபேற்று உரம் ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் தேங்குகிறது. பொசுபரசு மிகுந்த மண்ணில் வேர் நாகத்தை எடுப்பது குறைகிறது. டொலமைட் இட்டு அமிலத்தன்மையைத் தணிக்கும்போதும், வயலில் நீர் கட்டும்போதும் நாகம் இன்னும் எட்டாததாகிறது. எனவே, என் கருத்தில், இங்கே மண் பரிசோதனை செய்து பொசுபேற்றைக் குறைப்பதும் பயிருக்குச் சத்தூட்டும் வேலையே ஆகும்.

இரும்பின் கதை வேறு. மலையகத்தின் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அந்தச் சிவப்பே இரும்பு ஒட்சைட்டின் நிறந்தான். ஆனால் அவ்வடிவம் நீரில் கரைவதில்லை. போஞ்சி போன்ற அவரையினங்களின் வேர் அமிலத்தைக் கசியவிட்டு இரும்பைக் கரைத்து, மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட வடிவிலிருந்து இரண்டு கொண்ட, எளிதில் கரையும் வடிவுக்கு மாற்றி உள்ளெடுக்கிறது. புல்லினத்தைச் சேர்ந்த பயிர்களோ இரும்பைப் பற்றிக்கொள்ளும் சேர்மங்களைச் சுரக்கின்றன. இரும்பை இலையில் தெளித்தாலும் அது மணிவரை நகர்வது அரிது. ஆகவே இரும்புக்கு ஏற்ற வழி, இயல்பிலேயே அதை விதையில் மிகுதியாகச் சேர்க்கும் வகைகளைத் தேடி, நல்ல விளைச்சல் தரும் வகைகளோடு கலப்பு செய்வதாகும். இத்துறையை வளர்த்த ஹோவர்த் பூயிஸுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. ருவாண்டாவில் இரும்புக் குறைபாடுள்ள பல்கலைக்கழக மாணவியர் அத்தகைய அவரையை 128 நாள்கள் உண்டபோது, வழமையான அவரையை உண்டவர்களைவிட அவர்களின் ஹீமோகுளோபினும் உடலின் இரும்புச் சேமிப்பும் கூடுதலாக உயர்ந்தன. அது நாம் பச்சைக்காயாகப் பறிக்கும் போஞ்சியின் இனமே. அங்கே முற்றிய விதை உணவாகிறது.

விதையில் ஏறிய சத்து குருதியில் ஏறுவதற்கு இன்னொரு தடை உண்டு. தானியமும் பருப்பும் பொசுபரசைப் பைற்றேற்றாகச் சேமிக்கின்றன. அது குடலில் இரும்பையும் நாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. தானியத்தையும் பயறையும் ஊறவைத்தாலும் முளைக்கவிட்டாலும் பைற்றேற்று ஓரளவு சிதைகிறது. நாளாந்த உணவாகிய ரொட்டிக்கு வாங்கும் வெள்ளைக் கோதுமை மாவில் பைற்றேற்று குறைவு. ஆனால் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைப்பதால் கனிமமும் அதைவிட்டுப் போயிருக்கும்.

மலையகத்தில் மிகப் பெரிய தடையாக நான் கருதுவது சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணீரை. தேநீரின் பொலிபீனோல்கள், தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேரும் அளவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் இந்த இழப்பு பெரிதும் தணியும். சம்பலிலோ கீரையிலோ பிழியும் தேசிக்காயின் விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்படுவதைக் கூட்டும். ஆனால் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ரொட்டியும் தேத்தண்ணீரும் ஒரே குறுகிய இடைவேளையில்தான் கிடைக்கின்றன. அவரிடம் அறிவுரை சொல்வதோடு நின்றுவிடாமல், தேநீருக்கெனத் தனி இடைவேளையைத் தோட்ட நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும். இரும்பு மிகுந்த அவரை விதைகளையும் லயத்து வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.