திக்குவாய்க்கு மூளையில் சத்திரசிகிச்சை செய்யலாமா?

வெள்ளவத்தையில் பஸ் ஏறியதும் "ப" தொண்டையிலேயே சிக்கிக்கொள்ள, பம்பலப்பிட்டியில் இறங்க வேண்டியவர் கொள்ளுப்பிட்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இடையில் இறங்கிப் போவார். அப்படி வருடக்கணக்காகச் சமாளிப்பவர் "மூளையில் ஏதாவது செய்து இதை நிறுத்த முடியாதா?" என்று கேட்டால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

கோளாறு நாக்கில் இல்லை. 1841இல் பெர்லினில் டிஃபென்பாக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நாக்கில்தான் என்று நம்பி, மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே, நாக்கின் வேரில் ஆப்புப்போலச் சதையை வெட்டி எடுத்தார் (நினைத்தாலே கூசுகிறது). இப்போது சந்தேகமெல்லாம் மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா (basal ganglia) என்ற நரம்புக் கலத் தொகுதிகள் மேல். அடுத்த அசையை எப்போது தொடங்குவது என்று நேரம் பார்க்கும் சுற்றில் அதற்குப் பங்கு உண்டு, அந்த நேரக்கணக்கு பிசகுவதால்தான் திக்குகிறது என்று பலர் கருதுகிறார்கள். தாளமே நேரம் காட்டிவிடுகிற பாட்டைப் பாடும்போது பலருக்குத் திக்காமல் இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

சரி, அங்கே மின்சாரம் கொடுத்தால்? கை நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு அதைத்தான் செய்கிறார்கள். மண்டையோட்டில் துளை போட்டு மெல்லிய மின்முனையை இறக்கி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பட்டரி வைத்து, செக்கனுக்கு சுமார் 130 துடிப்பு அனுப்புவார்கள். திக்குவாய்க்கு இதை முயன்றது மிகச் சிலரில்தான்.

"பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாமே" என்பார்கள். மின்சாரத்தை அணைக்கலாம், இரத்தக்கசிவை அணைக்க முடியாது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு மூளைக்குள் கசியலாம், கிருமித்தொற்று வேறு. கை நடுங்கித் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாதவருக்கு அந்த ஒன்றிரண்டு சிறிய எண்தான். நன்றாக ஓடியாடி வேலை செய்கிற, வார்த்தை மட்டும் தடுக்கிற இளைஞருக்கு, இருக்கிற பேச்சையே பறிகொடுக்கக்கூடிய எண் அது. அதிலும் பார்க்கின்சனுக்கு மின்முனை வைத்த சிலருக்குப் பேச்சு குளறியிருக்கிறது, முன்பு இல்லாத திக்கல்கூட வந்திருக்கிறது. நானாயிருந்தால் இப்போதைக்குப் படுக்கமாட்டேன்.

இன்னொரு சிக்கல், திக்கல் தானாகவே ஏறி இறங்கும். இந்தக் கிழமை நன்றாகக் கதைத்தால் அது மின்முனையாலா, நல்ல கிழமை என்பதாலா? யாராவது இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், கருவி ஓடுகிறதா நிற்கிறதா என்று நோயாளிக்கும் பேச்சை மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் மாற்றிமாற்றிச் சோதித்தீர்களா என்று முதலில் கேளுங்கள். ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்து வெளிவரும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தலாம், தலையில் துளை இருக்காது.