பார்த்தும் தெரியாத பால் வண்டி

காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் நான்குவழிச் சாலை. விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காவேரிப்பட்டணம் நெருங்கும்போது, இடப்பக்க அணுகுசாலையிலிருந்து பால் கேன்கள் கட்டிய எக்ஸ்எல் வண்டி ஒன்று என் பைக்கின் முன்னால் ஏறியது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, பின்சக்கரம் லேசாக இழுத்துக்கொண்டு போய், ஒரு கை தூரத்தில் தப்பினேன். ஓட்டிய பெரியவர் திரும்பி, "பார்த்து வரக் கூடாதா தம்பி?" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அங்கே மறைக்க மரமோ சுவரோ கிடையாது. அந்த வண்டி சில விநாடிகளாவது என் கண்ணெதிரே இருந்திருக்க வேண்டும். பிறகு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை.

கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் பார்வையில் ஏறக்குறைய 2 பாகை. கண் மிகக் கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவு இடத்தை மட்டும்தான். விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிவு அந்த வேலையைச் செய்கிறது. மீதிப் பரப்பு மங்கல். ஆனாலும் முழுச் சாலையும் தெளிவாகத் தெரிவதாகத் தோன்றுகிறதே? கண் விநாடிக்கு இரண்டு மூன்று முறை தாவித் தாவித் துண்டு துண்டாகப் பார்க்கிறது. மூளை அவற்றை ஒட்டி ஒரே காட்சியாக்கித் தருகிறது.

ஒவ்வொரு தாவலின்போதும் மூளை பார்வையைக் கணநேரம் அடக்கிவிடுகிறது என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நிறுத்திய வண்டியின் பக்கக் கண்ணாடியிலேயே இதைச் சோதிக்கலாம். உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண்மணி நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். சந்திப்பில் தலையை ஒரே வீச்சாகத் திருப்பிப் பார்ப்பவர், அந்த வீச்சின் நடுவில் வந்த வண்டியைத் தவறவிடுவது இப்படித்தான்.

பால் வண்டியின் கதையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஓரப்பார்வை மங்கலானாலும் அசைவைப் பிடிப்பதில் கெட்டி. ஆனால் இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், ஒன்றிலிருந்து பார்ப்பவருக்கு மற்றது பார்வையில் இடம் மாறுவதே இல்லை. அதே கோணத்தில் அசையாமல் நின்றபடி மெல்லப் பெரிதாகும். கடைசி ஒன்றிரண்டு விநாடிகளில் திடீரென்று ஊதிப் பெருக்கும். முன்னே நகர்ந்து போகிற வண்டியும் பின்தங்குகிற வண்டியும் பெரும்பாலும் நம்மைத் தொடாதவை. மோதப்போவது மட்டும் அசையாமல் நிற்கிறது, அதனாலேயே கண்ணில் படாமல் போகிறது. நான் ஓட்டிய வேகமும் பெரியவர் வந்த வேகமும் அன்று அப்படிப் பொருந்திவிட்டன. அவருக்கு நானும் அதே காரணத்தால்தான் தெரியாமல் போயிருப்பேன்.

இந்தப் பொருத்தத்தை உடைப்பது எளிது. இணைப்புச் சாலை நெருங்கும்போது வேகத்தைச் சற்றுக் குறைத்தால் கோணம் மாறும், அசைவு தெரியும். தலையைத் திருப்பி, நடுவில் ஓரிரு இடங்களில் கண்ணை நிறுத்தி, இரண்டு முறை பார்க்க வேண்டும். ஹெல்மெட்டின் ஓரம் மறைத்திருந்த வண்டியும் அப்போது வெளியே வந்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்து, விரல் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்தால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 25 மீட்டர் போய்விடுகிறோம். இரண்டு விரல் ஏற்கெனவே லீவரின் மேல் இருந்து, ஏதோ வரலாம் என்று மனமும் எதிர்பார்த்திருந்தால் அது முக்கால் விநாடியாகச் சுருங்கலாம். மிச்சமாவது 12 மீட்டருக்கும் மேல், கிட்டத்தட்ட ஒரு பேருந்தின் நீளம். புது பிரேக், புது டயர் எதற்கும் செலவு செய்யாமல் கிடைக்கிற தூரம் அது. தூக்கக் கலக்கத்தில் இமை மூன்று விநாடி மூடினால் 50 மீட்டர் போய்விடும். ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து வண்டியில் ஊர் திரும்பும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. புறப்படும் முன் இருபது நிமிடமாவது கண்ணயர்ந்துவிட்டு வாருங்கள்.

முன் பிரேக் வண்டியைக் கவிழ்த்துவிடும் என்று நம் ஊரில் பலர் அதைத் தொடுவதே இல்லை. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. டயர் தரையில் அழுந்தி, நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சாய்வுக்குக் கணநேரம் வேண்டும். படக்கென்று இழுத்தால் எடை வந்து சேரும் முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் முதலில் மெல்ல, பிறகு இறுக்கிப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அவற்றில் பூட்டும் ஆபத்து குறைவு. பழைய வண்டிக்கு விரல்தான் ஏபிஎஸ். காலியான மைதானத்தில் ஞாயிறு காலை பத்து முறை பழகினால், நெருக்கடியில் யோசிக்காமலே கை அதைச் செய்யும்.

தருமபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாய்க்கு வருவோம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை அங்கே இன்றும் பார்க்கிறேன். 2020க்குப் பிறகு, பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையில் ஓடுபவை. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், எஞ்சின் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் வரை பெட்ரோல் போகாது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் செலவாகிறது. அதோடு, வண்டியைப் பிடித்து நிறுத்தும் எஞ்சினின் இழுவையும் போய்விடுகிறது.

லாரிகளுக்கும் அதே கதை, பல டன் எடையோடு. நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் பிரேக் கட்டையிலிருந்து விலகும். கட்டையின் மேலுள்ள லைனிங்கின் பிடிப்பும் குறையும். இறக்கத்தில் கருகிய வாடை மூக்கில் ஏறினால் பக்கத்தில் ஏதோ ஒரு லாரியின் பிரேக் சோர்ந்துகொண்டிருக்கிறது. அது முன்னால் இருந்தால் முந்தாதீர்கள், நன்றாகப் பின்தங்கிவிடுங்கள். பின்னால் இருந்தால், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இடது ஓரம் ஒதுங்கி அதைப் போகவிடுங்கள்.