ரிலாக்சர், அதாவது சுருள் முடியை நேராக்கும் கிரீம், போட்ட முடி மறுபடி சுருளாது. போதுமா?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். ரிலாக்சரை நிறுத்திப் பல மாதமாகிறது. ‘பழைய சுருளை மீட்டுத் தரும்’ என்று லேபிள் ஒட்டிய எண்ணெயை மேசைமேல் வைத்து, “தடவிக்கொண்டே இருக்கிறேன், நுனி சுருளவே மாட்டேன் என்கிறதே டாக்டர்” என்றார். லண்டனில் கறுப்பினப் பெண்களின் முடியையும் தலைத்தோலையும் தினமும் பார்க்கிறவள் நான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அந்த லேபிளை எழுதியவன் கையில் கிடைத்தால்தான் தெரியும். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், பார்மசியிலும் வார்டிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் இந்தக் கேள்வி வருகிறது, அவர்களும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

ரிலாக்சர் கடுங்காரம். ஒரு வகையில் சோடியம் ஹைட்ராக்சைடு. ‘நோ லை’ (சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை என்று அர்த்தம்) டப்பாவில் கால்சியம் ஹைட்ராக்சைடோடு குவானிடின் கார்பனேட்டைக் கலப்பார்கள், அதுவும் காரம்தான், சாது இல்லை. முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையே அது வேறொன்றாக மாற்றிவிடும். மாறியது மாறியதுதான். எண்ணெய், முட்டை, அரிசி கழுவிய தண்ணீர், விலை உயர்ந்த புரோட்டீன் மாஸ்க் எதுவும் அதைத் திருப்பாது. சோற்றை மறுபடி அரிசியாக்கித் தருகிறேன் என்று யாராவது விற்றால் வாங்குவீர்களா? நனைத்தால் கொஞ்சம் நெளிகிறதே என்பார்கள். அது ரிலாக்சர் சரியாகப் பிடிக்காத முடி, திரும்பி வந்த முடி இல்லை. ‘மைல்டு’ என்று விற்கும் டெக்ஸ்சரைசரும் இதே மருந்துதான், சீக்கிரம் கழுவிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இயற்கை முடி வேண்டும் என்பவருக்கு அதைப் போட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

சுருள் வேரிலிருந்துதான் வரவேண்டும். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், ஆஃப்ரோ முடிக்குப் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பழையதை ஒரேயடியாக வெட்டலாம், இல்லை சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போகலாம். இரண்டும் சரி.

மெதுவாகப் போகிறவர்களுக்கு ஆபத்து, புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சேரும் இடத்தில். ஒரு இழையை லென்ஸில் பார்த்தால் மேலே ஸ்பிரிங், கீழே தொய்ந்த நூல், லேசாக இழுத்தால் நடுவில் அறுந்துவிடும். காய்ந்த தலையில் சீப்பு வைக்கவே கூடாது. கண்டிஷனர் தடவி ஈரமாக இருக்கும்போது முதலில் விரலால், அப்புறம் அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கச் சொல்லுங்கள். வேரும் நுனியும் ஒன்றுபோலத் தெரியட்டும் என்று தினமும் அயர்ன் போட்டால் புது முடியும் வெந்துபோகும். நடுவில் வேறு மருந்தால் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் யோசனை வந்தால் வேண்டவே வேண்டாம். அதற்குச் சலூன்களில் போடும் தயோ கிரீமும் ரிலாக்சரும் ஒரே முடியில் சேர்ந்தால் கொத்தாக உடையும்.

இன்னொன்று பின்னல். முடியைப் பாதுகாக்கத்தான் பின்னுகிறார்கள், ஆனால் பலவீனமான முடியில் கனமான செயற்கை முடியை இறுக்கிக் கோத்தால் நெற்றியோரம்தான் முதலில் போகும். பின்னும்போது வலித்தால் அப்போதே நிறுத்தச் சொல்ல வேண்டும், அதற்கு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு தூங்குவார்களா? இறுக்கிப் பின்னுவதை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் முடி திரும்பும். தோல் வழவழவென்று பளபளத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது.

உச்சியில் எரிச்சல், தொட்டால் வலி, நடுவிலிருந்து வட்டமாக மெலிவது, இவற்றில் எது இருந்தாலும் தயவுசெய்து எண்ணெய் கொடுக்காமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள், அது தழும்பாகிற வழுக்கையாக இருக்கலாம். விக்கைக் கழற்ற வெட்கப்படுவார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்ப்போம் என்று சொல்லி அனுப்புங்கள்.