க்ரீம் ஏன் பிரிவதில்லை?

ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி எண்ணெய் ஊற்றி நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். சில நொடி வெளுத்துக் கலங்கி நிற்கும். கீழே வைத்ததுமே எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் பழையபடி இரண்டு அடுக்கு. முகத்துக்குப் போடும் க்ரீமும் பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும்தான். அது மட்டும் மாதக்கணக்கில் பிரியாமல் இருப்பது எப்படி?

அதற்குள் எமல்சிஃபையர், அதாவது பால்மமாக்கி, இருக்கிறது. இதன் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை தண்ணீரை நாடும். வால் ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அது எண்ணெயோடுதான் சேரும். இரண்டுக்கும் தோதான இடம், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் எல்லை. அங்கே போய் வால் துளிக்குள்ளும் தலை வெளியிலுமாக வரிசைகட்டி நின்றுகொள்ளும். அந்த எல்லையில் இழுவிசை குறைந்துவிடுவதால் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைப்பது சுலபமாகிறது. உடைந்த துளிகளுக்கு இந்த மூலக்கூறுகளே மேலுறையாகிவிடுவதால், மோதிக்கொண்டாலும் சட்டென்று ஒன்றுசேர்வதில்லை.

க்ரீமின் வெண்மையும் இதனால்தான். எண்ணெய்க்கும் அந்த நிறமில்லை, தண்ணீருக்கும் இல்லை. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுள்ள எண்ணற்ற துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

எந்த எமல்சிஃபையர் எதற்குப் பொருந்தும் என்று கணிக்க 1949-இல் வேதியியலாளர் வில்லியம் கிரிஃபின் ஓர் எண் அளவுகோலை முன்வைத்தார். தண்ணீரை நாடும் தன்மை கூடக்கூட எண்ணும் கூடும். எண் 3 முதல் 6 வரை என்றால் எண்ணெய்க்குள் நீர்த்துளிகள்; பிசுக்கென்ற கனமான க்ரீம். 8-க்கு மேல் என்றால் நீருக்குள் எண்ணெய்த் துளிகள், லேசான லோஷன்.

சரி, தோலுக்கு என்ன ஆகும்? நம் தோலின் மேல் அடுக்கு பல இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். இறந்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நடுவில் சாந்து போல நிரம்பியிருக்கும். எண்ணெயை நாடும் வாலுக்கு க்ரீமில் உள்ள கொழுப்பு, தோலில் உள்ள கொழுப்பு என்ற பேதமெல்லாம் தெரியாது. மின்னேற்றம் கொண்ட சிறிய மூலக்கூறுகள் இந்தச் சாந்தைக் கலைப்பதோடு தோலின் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். சோடியம் லாரில் சல்ஃபேட் இதில் பேர்போனது. தோல் எரிச்சலை ஆராய்பவர்கள், வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கப் பயன்படுத்தும் பொருளே இதுதான்.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கரப்பான் எனும் தோல் அழற்சி (எக்ஸிமா) வந்த குழந்தைகளுக்கு அங்கே பல காலமாக ‘அக்வஸ் க்ரீம்’ எழுதிக் கொடுத்துவந்தார்கள். அதில் அந்த லாரில் சல்ஃபேட் சுமார் 1 சதவீதம் இருந்தது. தடவியதும் எரிகிறது என்று சில குழந்தைகள் அழுததற்கு நிஜமான காரணம் இருந்திருக்கிறது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதுபற்றி எச்சரித்தது. கழுவிவிடும் பொருளில் தோல் தாங்கிக்கொள்ளும் ஒன்று, பூசி விட்டுவிடும் பொருளில் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதற்காக எமல்சிஃபையர் என்றாலே பயப்படத் தேவையில்லை. லாரில் சல்ஃபேட்டின் தலையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கிடைக்கும் லாரெத் சல்ஃபேட்டே அதைவிட மென்மையானது. கிளிசரில் ஸ்டியரேட், பாலிசார்பேட் போன்றவற்றுக்கு மின்னேற்றமே இல்லை. க்ரீம்களில் பெரும்பாலும் வருபவை இவைதான். லாரெத், பாலிசார்பேட் வகைகளைத் தயாரிக்கும்போது 1,4-டையாக்சேன் என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் மாசு சிறிதளவு உருவாகலாம் என்பது உண்மை. பொறுப்பான தயாரிப்பாளர்கள் வெற்றிடத்தில் அதை உறிஞ்சி நீக்கிவிடுகிறார்கள். ‘இயற்கையானது’ என்ற முத்திரையை வைத்து மட்டும் முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன். மனிதர் காலங்காலமாகக் காய்ச்சிவரும் சோப்பு, அதன் காரத்தன்மையால், இன்றைய பல செயற்கைப் பொருள்களைவிடத் தோலை அதிகம் வறட்டும்.

புதிய க்ரீம் வாங்கினால் முழங்கையின் உள்பக்கம் ஒரு சிறு இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். இந்த வகை எரிச்சல் நாளுக்கு நாள் சேர்ந்து வருவது. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து முகத்துக்குப் போய்விடாதீர்கள்.