பகா எண்: சொல் விளக்கம்

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள், இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போனதும், 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண்ணை மலாயில் 'நொம்போர் பெர்டானா' என்று கேட்கிறார்கள். பிரதமரைக் குறிக்கும் 'பெர்டானா மெந்தெரி'யில் வரும் அதே பெர்டானாதான். சமஸ்கிருதத்தின் 'பிரதான' மலாய்க்குப் போய் அப்படி ஆனது. ஆங்கிலத்தின் 'பிரைம்' லத்தீனில் 'முதலாவது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. யூக்ளிட் கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்று எழுதியதற்கும் அதே பொருள். இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'முதன்மை எண்' இந்த வரிசையில் சேரும்.

நம் சொல்லின் வேர் 'பகு'. பகுதி, பகிர்வு, பங்கு எல்லாம் அதன் உறவு. 'பகாத எண்' என்பதில் ஈறு கெட்டு, பகா எண். நன்னூலின் பகுபதமும் பகாப்பதமும் நினைவிருந்தால் கருத்து உடனே பிடிபடும். பகாததற்கு எதிர்ச்சொல் பகு எண்: 91ஐ 7 × 13 என்று பகுக்கலாம்.

முதன்மை என்றால் எதில் முதன்மை என்று பிள்ளை கேட்கும். பகா எண் என்றாலோ பெயரே குணத்தைச் சொல்லிவிடுகிறது. அதனால் மூன்று மொழியும் புழங்கும் நம் வீடுகளில் இந்தச் சொல் நழுவிவிடக் கூடாது என்பது என் ஆசை. 1இல் மட்டும் கவனம் வேண்டும். அதையும் பகுக்க முடியாதே என்று தோன்றும்; ஆனால் 1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. 12ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3 மட்டுமே வரும். 1ஐயும் சேர்த்துக்கொண்டால் அந்த ஒரே வழி என்பது போய்விடும்.

சரி, பெரிய எண் பகுமா பகாதா என்று எப்படி அறிவது? பிரெஞ்சுத் துறவி மெர்சென், 2இன் அடுக்கில் 1ஐக் கழித்து வரும் எண்களை ஆராய்ந்தார். அடுக்கே பகு எண்ணாக இருந்தால் விடையும் பகும். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் உறுதி இல்லை: 2¹¹ − 1 என்பது 2047, அதாவது 23 × 89. 2⁶⁷ − 1 பகாது என்று 1644இல் மெர்சென் எழுதினார். அது பகும் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிறுவினார், ஆனால் காரணிகள் அவர் கையில் இல்லை. 1903இல்தான் அமெரிக்கக் கணிதர் கோல் அவற்றைக் காட்டினார்: 193,707,721 × 761,838,257,287. பகுக்காமலேயே பகுமா என்று சொல்ல முடிவதுதான் இந்தத் துறையின் பேரழகு.

லூக்காவின் வழியைப் பின்னர் அமெரிக்கக் கணிதர் லேமர் செப்பனிட்டார். அந்தச் சோதனைதான் 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று உறுதிசெய்தது. தன்னார்வலர்களின் கூட்டுத் தேடலில் லூக் டுராண்ட் கண்டுபிடித்த அந்த எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். இரும எண்ணாக எழுதினால் 136,279,841 ஒன்றுகள் மட்டுமே வரிசையாக நிற்கும், இடையில் ஒரு சுழியம்கூட வராது.