ஒரே நீர், ஒரு கைக்குச் சூடு, மறு கைக்குக் குளிர்

மூன்று பாத்திரங்களில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் சூடு, இன்னொன்றில் ஐஸ் கட்டி போட்ட குளிர், நடுவில் இருப்பதில் வெதுவெதுப்பு. இடது கையைச் சூட்டிலும் வலது கையைக் குளிரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுப் பாத்திரத்தில் விடுங்கள். இடது கை குளிர்கிறது என்று சொல்லும். வலது கை சுடுகிறது என்று சொல்லும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த விந்தையைக் குறித்து வைத்திருக்கிறார். நம் தோல் வெப்பமானியைப் போல அளப்பதில்லை. சற்று முன் பழகியிருந்த நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே பெரும்பாலும் சொல்கிறது.

இணைய விவாதங்களில் மிதமான கருத்து ஒன்றைச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நடுப் பாத்திரத்து நீரின் நிலை நன்றாகப் புரியும்.

ஒருமுறை நான் எழுதியது ஒரே வரிதான்: "பள்ளி மாணவர்கள் கைபேசி வைத்திருக்கலாம், ஆனால் வகுப்பு நேரத்தில் அது கையில் இருக்க வேண்டாம்." ஒருவர் வந்து என்னைக் கைபேசி நிறுவனங்களின் கைக்கூலி என்றார். பத்து நிமிடம் கழித்து இன்னொருவர், காலத்தோடு ஒட்டாத பழமைவாதி என்றார். முதலாமவர் 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார்; இரண்டாமவர் அதற்குப் பின்னால் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்று இரவு முழுவதும் நான் சொல்லாதவற்றுக்கெல்லாம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு வலித்தது இடி அல்ல. அவர்கள் இருவரும் அடித்தது வேறு யாரையோ என்பதுதான்.

அது ஏன் என்பதற்கு உளவியலில் பழைய, அழகான ஒரு விடை இருக்கிறது. கார்ல் ஹோவ்லாண்ட், ஓ. ஜே. ஹார்வி, முசாஃபர் ஷெரிஃப் ஆகிய மூவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு அது. நடந்த இடம் அமெரிக்காவின் ஓக்லஹோமா. அங்கே அப்போது மதுவிலக்கு பற்றிய சர்ச்சை சூடாக இருந்தது. மது விற்பனைக்கு ஓரளவு மட்டும் ஆதரவான ஓர் உரையைப் பல தரப்பினருக்கும் கொடுத்து, இந்த உரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கேட்டார்கள். அந்த உரைக்கு அருகில் இருந்தவர்கள் அதைத் தங்கள் கருத்தாகவே பார்த்தார்கள். நியாயமான உரை என்றார்கள். மதுவிலக்கில் உறுதியாக நின்றவர்களோ அதை உள்ளதைவிட அதிகமாக மதுவுக்கு ஆதரவானதாகக் கண்டார்கள்; அது வெறும் பிரசாரம் என்றார்கள். தம் நிலைக்கு அருகில் இருப்பதை இன்னும் அருகில் இழுத்துக்கொள்கிறோம். தொலைவில் இருப்பதை இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடுகிறோம். எடைகளைத் தூக்கிப் பார்க்கும்போதும் மனம் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்பதை ஷெரிஃபும் ஹோவ்லாண்டும் அடுத்த ஆண்டே காட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் ஒருவருக்கு ஈடுபாடு கூடக்கூட, அவர் ஏற்கக்கூடிய கருத்துகளின் எல்லை சுருங்கி, மறுக்கும் எல்லை விரிகிறது. தீவிரமானவருக்கு உலகம் ஏறக்குறைய இரண்டே அறைகளாகிவிடுகிறது. நடுவில் நிற்பவரை அவர் வேண்டுமென்றே திரித்துச் சொல்வதில்லை. உண்மையாகவே அவருக்கு நாம் எதிர் அறையில்தான் தெரிகிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது.

அறிவு கூடினால் இந்தக் கோணல் நிமிரும் என்று நினைக்கத் தோன்றும். 1985இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வல்லோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைக்கிறது. 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், இஸ்ரேல் படை சூழ்ந்திருந்த பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் செய்தி இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் அதே செய்தியை இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். விவகாரத்தை நன்கு அறிந்தவர்களுக்குத்தான் பாரபட்சம் கூடுதலாகத் தெரிந்தது!

சொந்தத் தரப்பிலிருந்து வரும் அடி இன்னும் கடுமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தம் குழுவில் ஒருவர் பிசகினால், வெளியாள் அதையே செய்யும்போது காட்டுவதைவிட அதிக வெறுப்பைக் குழு அவர்மீது காட்டும். ஜோசே மார்க்கெஸும் சக ஆய்வாளர்களும் 1988இல் இதற்குக் 'கறுப்பு ஆட்டு விளைவு' என்று பெயரிட்டார்கள்.

இவை எல்லாம் மனித மனத்தின் பழைய குணங்கள். சமூக வலைத்தளங்கள் அவற்றுக்கு ஒரு விசையைப் பொருத்தின. வில்லியம் பிராடியும் சக ஆய்வாளர்களும் துப்பாக்கிக் கட்டுப்பாடு, ஒருபால் திருமணம், பருவநிலை மாற்றம் ஆகியவை பற்றி ட்விட்டரில் வந்த 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால் பதிவு பகிரப்படுவது ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. 'துரோகம்', 'அவமானம்' போன்ற சொற்களுக்கு இறக்கை உண்டு. 'ஓரளவு', 'சில சூழல்களில்' என்பவற்றுக்குக் கிடையாது. எதிர்த் தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் பகிரப்படும் வாய்ப்பை 67 சதவீதம் உயர்த்துகிறது என்று 2021இல் ஸ்டீவ் ராத்ஜே குழுவினர் அமெரிக்க ஊடகங்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் ஃபேஸ்புக், ட்விட்டர் பதிவுகளை வைத்துக் கண்டார்கள். ஃபேஸ்புக் 2017இல் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்ததும் பின்னர் வெளிவந்தது.

பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். பியூ ஆய்வு மையம் 2019இல் சொன்ன கணக்குப்படி, அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்திய பெரியவர்களில் 10 சதவீதம் பேர்தான் மொத்தப் பதிவுகளில் 80 சதவீதத்தை எழுதினார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். தாம் சிறுபான்மை என்று தோன்றினால் மனிதர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தால் மற்றவர் குரல் இன்னும் பெரிதாகக் கேட்கிறது. அதைக் கேட்டு அடுத்தவரும் மௌனமாகிறார். எலிசபெத் நோயெல்-நொய்மன் 1974இல் விவரித்த இந்த 'மௌனச் சுழல்' தொலைக்காட்சிக் காலத்தைப் பற்றியது. அரட்டைக் குழுக்களில் யோசித்து யோசித்து எழுதியதை அனுப்பாமலே அழித்துவிடும் ஒவ்வொருவரும் இன்று அதற்குள் இருக்கிறார்கள். நானும் எத்தனையோ முறை அழித்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுவில் இருப்பதாலேயே ஒரு கருத்து சரியாகிவிடாது. பூமி உருண்டை என்பவருக்கும் தட்டை என்பவருக்கும் நடுவே பாதித் தட்டையான பூமி எதுவும் இல்லை. 'நடுநிலை' என்ற நம் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. எந்தப் பக்கமும் சாயாமல் கை கட்டி நிற்பவரையும் அது குறிக்கிறது. நான் பேசுவது சாய்ந்திருப்பவரைப் பற்றி: எவ்வளவு தூரம், எந்த நிபந்தனையோடு என்று எண்ணிச் சாய்ந்திருப்பவரைப் பற்றி.

அவருக்கு வழி உண்டா? ஃபிலிப் ஃபெர்ன்பாக் குழுவினர் 2013இல் ஒரு சோதனை செய்தார்கள். தாம் ஆதரிக்கும் கொள்கை எப்படி வேலை செய்யும் என்பதைப் படிப்படியாக விளக்கச் சொன்னபோது, தமக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை என்பதைப் பலர் உணர்ந்தார்கள். தீவிரமும் சற்றுத் தணிந்தது. ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் கேட்டபோது அது நடக்கவில்லை. தீவிரம் தணிவது என்ற பகுதி பின்வந்த மறுசோதனைகளில் அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. புரிதல் பற்றிய பகுதி நிலைத்து நிற்கிறது.

என்னைக் கைக்கூலி என்றவரிடம் அடுத்த நாள் ஒரே கேள்வி கேட்டேன்: முழுத் தடையை ஒரு பள்ளி எப்படி நடைமுறைப்படுத்தும்? அவர் யோசித்துத்தான் எழுதினார். வாசலில் வாங்கி வைக்க ஓர் ஆள், பெயர் ஒட்டிய பெட்டிகள், மாலையில் திருப்பித் தர அரை மணி நேரம். பிறகு, நீரிழிவு உள்ள சில குழந்தைகளின் சர்க்கரை அளவு, உடலில் ஒட்டிய கருவி வழியாகக் கைபேசியில்தான் தெரியும் என்பதை அவரே நினைவுகூர்ந்தார். அவர்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்திருந்தார்.